எண்ணெய் குடித்த சுவர்

திங்கட்கிழமை காலையில் தள்ளுவண்டியோடு நாங்கள் வந்து சேர்ந்தபோது, எங்கள் சுவர் முழுக்க யாரோ கட்டம் போட்டிருந்தார்கள்.

எங்கள் சுவர் என்று சொல்வது தப்பு. அது ஆரம்பப் பள்ளியின் சுவர். பள்ளி வாசலிலிருந்து தெருமுனை வரை அறுபது அடி நீளம், ஆறடி உயரம். அதன் நடுவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு அப்பா பதினெட்டு வருஷமாக சைக்கிள் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் கூரை, கதவு ஒன்றும் கிடையாது. ஒரு முக்காலி, ஒரு தண்ணீர்த் தொட்டி, காற்றடிக்கும் பம்ப், சாமான் போடும் மரப்பெட்டி, சுவரில் ஆணியடித்து மாட்டிய நாலைந்து டயர். சாயங்காலம் ஆனால் அத்தனையும் வண்டியில் ஏறி எங்களோடு வீட்டுக்கு வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை லீவு. அன்றைக்கு அங்கே போய்ப் பார்த்தால் வெறும் சுவரும் ஆணியும்தான் இருக்கும்.

கட்டங்கள் நீல சாக்பீஸில் நேர்த்தியாகப் போடப்பட்டிருந்தன. மேலிருந்து கீழே நான்கு, நீளவாக்கில் நாற்பது. ஒவ்வொன்றிலும் ஒரு எண். அப்பா தினமும் முதுகு சாய்க்கிற இடத்துக்கு நூற்றொன்று என்று பேர் வைத்திருந்தார்கள்.

"அளவு எடுத்துட்டாங்கம்மா," என்றார் அப்பா. "ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க."

"சாக்பீஸ்ல எழுதிட்டா இடிப்பாங்க?" என்றேன். அப்பாவிடம் மட்டும் எனக்குக் குரல் ஒழுங்காக வரும்.

"முதல்ல சாக்பீஸ். அப்புறம் புல்டோசர்."

அதற்குள் பள்ளி வாசலிலிருந்து ஒல்லியாக ஒருவர் ஓடி வந்தார். இடது காதில் பச்சைப் பெயின்ட் காய்ந்து ஒட்டியிருந்தது. இந்த வருஷம் புதிதாக வந்த டிராயிங் மாஸ்டர்.

"அண்ணே, வண்டியைக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்கங்க. இங்க வேலை நடக்கப் போகுது."

"வேலை நடந்துகிட்டுதான் தம்பி இருக்கு. பதினெட்டு வருஷமா."

"இங்க கடையா இருக்கு?"

"இல்லைங்க. தினமும் வந்து சுவர் கீழ விழாம பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

மாஸ்டர் எங்களைப் பார்த்தார், ஆணிகளைப் பார்த்தார், கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவர் தினமும் பின்வாசல் வழியாக ஸ்கூட்டரில் வந்து அதே வழியாகப் போகிறவராம். மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து சுவரை அளந்திருக்கிறார். காகிதத்தில் நூற்றறுபது கட்டம் போட்டு வகுப்பு வகுப்பாக அனுப்பியிருக்கிறார். மற்ற டீச்சர்களுக்கு எங்களைத் தெரியும். ஆனால் அவர்கள் பார்த்தது காகிதத்தை. காகிதத்துச் சுவரின் முன்னால் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. ஆகவே எங்களுக்குப் பின்னால் இருக்கும் பதினாறு கட்டங்களையும் சேர்த்து எல்லாம் விற்றுப்போய்விட்டன.

"நடுவுல ஒரு கறை இருந்துச்சு. ஈரக்கசிவுன்னு நினைச்சேன்," என்றார் மாஸ்டர்.

"அது என் முதுகு," என்றார் அப்பா.

விஷயம் இதுதான். பெரிய ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கான பிரிவில் கதகதப்புப் பெட்டி ஒன்று குறைகிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் அந்தக் குழந்தைகளைச் சூடாக வைத்திருப்பார்களே, அது. அதை வாங்கிக் கொடுப்பதாகப் பள்ளி ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஒரு குடும்பம் ஒரு கட்டத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். அந்த வீட்டுப் பிள்ளை அதில் ஒரு படம் வரையும்.

பத்து மணிக்குத் தலைமை ஆசிரியை வந்தார். குரலை உயர்த்தாத மனுஷி. "பன்னிரண்டே நாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் வச்சுக்கங்க. அடுத்த சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து திறந்து வைக்கிறாங்க."

"அதுக்கப்புறம், டீச்சரம்மா?"

"அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "பாத்துக்கலாம்" அன்றைக்கு முழுக்க அப்பாவின் தொண்டையில் நின்றது. முன்னால் இருந்த தலைமை ஆசிரியர் ஒருநாள் போகிற போக்கில், "பசங்க சைக்கிளுக்குச் சும்மா காத்து அடிச்சுக் குடுத்துட்டு இங்கயே இருந்துக்கப்பா," என்று சொன்னது மட்டும்தான் அந்த இடத்தில் எங்களுக்கு இருந்த பிடிமானம். அவர் ஓய்வு பெற்றுப் போய்ப் பல வருஷம் ஆகிறது. எழுத்தில் ஒன்றும் இல்லை. இன்றைக்கு எழுந்தால் திரும்ப உட்கார விடுவார்களா என்பதுதான் அப்பாவின் கேள்வி. எனக்கும் அதுதான். எங்கள் வீட்டு அடுப்பு எரிவது அந்த ஆறடியால்.

எதிர்ப்பக்கம் மின்சாரப் பெட்டிக்குப் பக்கத்தில் கடையைப் போட்டோம். தரை சரிவு. சைக்கிளை நிறுத்தினால் தானாக நகர்ந்து போனது. பத்து மணிக்கே வெயில் ஏறி, பஞ்சர் ஒட்டும் பசை தடவுவதற்கு முன்பே காய்ந்தது. வழக்கமாக வருகிறவர்கள் வெறும் சுவரைப் பார்த்து, கடை இல்லை என்று நினைத்து, உருட்டிக்கொண்டே போனார்கள். அப்பா அங்கிருந்து கத்திக் கூப்பிட வேண்டியிருந்தது.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். எழுந்து நின்று படிக்கச் சொன்னால் குரல் வராது. வராத குரலுக்காக எத்தனை நாள்தான் எழுந்து நிற்பது. இரண்டு வருஷமாகக் கடையில் இருக்கிறேன். டியூபைத் தண்ணீருக்குள் அழுத்திக் குமிழி எங்கே வருகிறது என்று பார்ப்பது என் வேலை. பேசவே வேண்டாம், கண் இருந்தால் போதும். அதனால் எதிர்ப்பக்கம் போனதில் எனக்கு ஒரு லாபம் இருந்தது, அப்பாவிடம் சொல்லவில்லை. முன்பு சுவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்ப்பேன். இப்போது முழுச் சுவரும் கண் முன்னால்.

மாஸ்டர் முதலில் சுவர் முழுக்க வெள்ளை அடித்தார். புதன்கிழமை பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். பூ, மரம், சூரியன் எல்லாம் வரப்போகிறது என்று நினைத்தேன். மாஸ்டர் ஒரு மரப்பெட்டி மேல் ஏறி நின்று கத்தினார்: "உங்க வீட்ல இருக்கிறதுல யாருமே பாக்காத ஒரு இடத்தை வரையணும். யாருமே! டி.வி. வரைஞ்சா அழிச்சுடுவேன்."

என் கையிலிருந்த டியூப் நழுவியது. எங்கள் வீட்டில் யாரும் பார்க்காத இடம் எது என்று அன்று முழுக்க யோசித்தேன்.

பிள்ளைகள் யோசிக்கவே இல்லை. ஒருத்தி சாப்பாட்டு மேசையின் அடிப்பக்கத்தை வரைந்தாள். யாரோ ஒட்டிவைத்த சூயிங்கம் ஏழு. ஒருவன் அவன் அப்பாவின் உச்சந்தலை வழுக்கையை வரைந்தான்; மேலே பல்லி ஒன்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம், கதவுக்குப் பின்னால் மட்டும் இருக்கும் பழைய சுவர் நிறம், தண்ணீர்த் தொட்டிக்குள் மிதக்கும் வானம். மாவு டப்பாவுக்குள் ஒரு சின்னப் பை இருப்பதாக ஒரு பையன் வரைந்து வைத்தான். சாயங்காலம் அவனுடைய அம்மா செருப்பில்லாமல் ஓடி வந்தாள்.

"சார், இதை உடனே அழிங்க. அவங்க அப்பா ஆறு மணிக்கு இந்த வழியாத்தான் வருவாரு."

"வெறும் டப்பாதானேம்மா?"

"உங்களுக்கு டப்பா. எனக்குப் பதினோரு வருஷச் சேமிப்பு."

மாஸ்டர் பையை ஒரு கத்திரிக்காயாக மாற்றிக் கொடுத்தார். மாவுக்குள் கத்திரிக்காய் எதற்கு என்று அந்த அப்பா நின்று நிதானமாக யோசித்துவிட்டுப் போனதை நான் பார்த்தேன்.

நூற்றொன்றாம் கட்டம் இரண்டாம் வகுப்புப் பெண் ஒருத்தியுடையது. அவள் அம்மா பஸ் ஓட்டுகிறவர். பள்ளி நிறுத்தத்தில் மகளை இறக்கிவிட்டு ஹாரன் அடித்துவிட்டுப் போவார். அந்தப் பிள்ளைக்கு எங்கள் அப்பா வைத்த பேர் "எதுக்கு". சைக்கிள் வைத்திருக்கும் பிள்ளைகளோடு காற்றடிக்க வந்தால், காற்று எதுக்கு, டியூப் எதுக்கு, ஓட்டை எதுக்குச் சின்னதாக இருக்கு என்று அடுக்கிக்கொண்டே போவாள். அவள் தன் கட்டிலுக்கு அடியில் இருக்கும் இடத்தை வரைந்தாள். மஞ்சள் தரை, ஒற்றைச் சாக்ஸ், பூனைக்குட்டி அளவுக்கு ஒரு தூசி உருண்டை. நாக்கைக் கடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் வரைந்தாள்.

வெள்ளிக்கிழமை காலையில் மஞ்சள் தரை பழுப்பாகியிருந்தது. சாக்ஸைக் காணோம்.

அது மட்டுமில்லை, சுற்றிலும் இருந்தவற்றோடு சேர்த்து ஏழு கட்டங்கள் அப்படி இருந்தன. மாஸ்டர் மேலே வெள்ளை அடித்தார், பிள்ளைகள் திரும்ப வரைந்தார்கள். திங்கட்கிழமை பார்த்தால் திரும்பவும் பழுப்பு. இந்த முறை நடுவில் கறுப்பும் எட்டிப் பார்த்தது. மாஸ்டர் குழாய் ரிப்பேர்காரரை அழைத்து வந்தார். அவர் சுவரில் காதை வைத்துக் கேட்டார்.

"இந்தச் சுவர்ல குழாயே இல்லை சார்."

"அப்ப தண்ணி எங்கேர்ந்து வருது?"

"அதை நீங்கதான் சுவரைக் கேக்கணும்."

இதையெல்லாம் அப்பா எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாரத்தில் முதல்முறையாக அவர் முகத்தில் வெளிச்சம்.

"எண்ணெய் குடிச்ச சுவருடா அது. பதினெட்டு வருஷ கிரீஸு. மேல எதைப் பூசினாலும் கக்கிடும்."

"சொல்லிடலாமாப்பா?"

"எதுக்கு? வெறுத்துப் போய் அவங்களே விட்டுடுவாங்க. அந்தப் பக்கம் படம் வேணாம், கடையே இருக்கட்டும்னு கூப்பிடுவாங்க. அந்தக் கறைதான் நமக்குப் பத்திரம்." பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார். "வாயைத் திறக்காம இருக்கிறதுல நீ கெட்டிக்காரி. இப்பவும் அப்படியே இரு."

நான் வாயைத் திறக்கவில்லை. ஆனால் எண்ணெய் எப்படிச் சுவருக்குள் போகிறது, போனது எப்படி வெளியே வரும் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் வீட்டு வாசல்படியிலும் அப்பாவின் உடுப்பிலிருந்து சொட்டிய கறை உண்டு. சோப்பு போட்டுத் தேய்த்தேன், பரவியது. மாவைத் தூவினேன், மேலாக மட்டும் எடுத்தது. அப்புறம்தான் தோன்றியது: பெட்ரோல் உள்ளே போய்க் கிரீஸைக் கரைக்கும், கரைந்ததை வெளியே இழுக்க மேலே காய்ந்த பொடி ஒன்று தாகத்தோடு காத்திருக்க வேண்டும். சாக்பீஸைப் பொடித்து, செயின் கழுவ வைத்திருக்கும் பெட்ரோலில் குழைத்து, படியில் கெட்டியாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடினேன். காலையில் தாளை எடுத்தபோது சாக்பீஸ் பொடி டீ நிறத்தில் இருந்தது. படி வெளுத்திருந்தது. இன்னும் இரண்டு தடவை அப்பி, சலவைச் சோடா போட்ட வெந்நீரில் கழுவியதும் கறை இருந்த இடம் எது என்று எனக்கே தெரியவில்லை. சந்தோஷத்தில் அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். பெட்ரோல் வாடைக்கு அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

புதன்கிழமை மத்தியானம் நூற்றொன்றாம் கட்டத்துப் பிள்ளை "எதுக்கு" ரோட்டைத் தாண்டி வந்தாள். பள்ளி சைக்கிள்கள் எல்லாமே அந்த வாரம் காற்றுக்கு ரோட்டைத் தாண்டித்தான் வந்துகொண்டிருந்தன. அவளிடம் சைக்கிள் இல்லை. கையில் ஒரு ஆணி. நகமெல்லாம் சுண்ணாம்பு.

"அக்கா, நான் நோண்டிப் பாத்தேன். இவ்வளவு ஆழம் வரைக்கும் கறுப்பா இருக்கு." ஆணியில் விரல் வைத்துக் காட்டினாள். "எதுக்கு அது உள்ள போச்சு?"

அப்பா சக்கரம் ஒன்றை நிமிர்த்துவதுபோல அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"கொத்தனார் வந்திருக்காரு," என்றாள். "அந்த இடத்தையெல்லாம் கொத்தி எடுத்துட்டுப் புதுசா பூசணுமாம். அதுக்குக் காசு, பெட்டிக் காசுலேர்ந்து எடுக்கணும்னு பெரிய டீச்சர் சொன்னாங்க. அப்ப பெட்டி சின்னதா வருமா?"

"சின்னதா வராது," என்றேன். "லேட்டா வரும்."

"அதுவரைக்கும் பாப்பா எங்க படுத்துக்கும்?"

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை பெரியவர்களைப் போல இல்லை. பதில் வரும்வரை பார்வையை எடுக்காது.

"அக்கா, எண்ணெயை வெளிய எடுக்க உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல எனக்கு ஒரு சொல் போதும். தலையை ஆட்டினால் கூடப் போதும். நான் ஆட்டினேன். ஆனால் மேலும் கீழுமாக ஆட்டிவிட்டேன்.

அவ்வளவுதான். அவள் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டினாள். பின்னால் அப்பா, "ஏய், ஏய்!" என்றது கேட்டது. தலைமை ஆசிரியையின் அறைக்குள் போனபோதுதான் என் இன்னொரு கையில் டயரை நெம்பும் லெவர் இருப்பதைக் கவனித்தேன். அவருக்கு எதிரில் கொத்தனாரும் மாஸ்டரும் நின்றிருந்தார்கள். நான் இந்தப் பள்ளியில் படித்தபோது இருந்த அதே மேசை.

"டீச்சர், இந்த அக்காவுக்குத் தெரியுமாம்!"

"என்ன தெரியும்?"

நான் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். கிரீஸ், பெட்ரோல், சாக்பீஸ் பொடி, மூன்று தடவை, வெந்நீர், வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும். நிறுத்தினால் குரல் போய்விடும் என்று பயந்து நிறுத்தாமல் சொன்னேன்.

கொத்தனார் தாடையைத் தடவினார். "பொண்ணு சொல்றது சரிதான். எனக்குத்தான் ஒரு வேலை போச்சு."

தலைமை ஆசிரியை என்னையே பார்த்தார். "ஒரு வாரமா எதிர்ல உக்காந்து பாத்துக்கிட்டு இருந்தே. ஏன் சொல்லலை?"

"கறை போயிட்டா எங்க இடமும் போயிடும்னு."

"இடம் போயிடும்னு யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை," என்றேன். "திரும்பி வாங்கன்னும் யாரும் சொல்லலை."

அவர் சட்டென்று ஒரு சமாதானம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "எனக்கு இன்னும் தெரியலைம்மா," என்றார். "கட்டத்தை வாங்கினவங்க தங்களோட பிள்ளை வரைஞ்சதைப் பாக்கணும்னு நினைப்பாங்க. அதுக்கு முன்னாடி டயரை மாட்டி மறைச்சா அவங்களுக்கு நான் என்ன சொல்றது? உனக்கு இப்ப வாக்குக் குடுத்துட்டு அப்புறம் மாத்தினா நல்லா இருக்காது."

"சரிங்க டீச்சர்."

"அப்படியும் செஞ்சு குடுப்பியா?"

எதுக்கு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சாக்பீஸ் நான் கொண்டு வரேன். எல்லா கிளாஸ்லயும் துண்டு இருக்கு," என்றாள்.

நான் திரும்பி வந்தபோது அப்பா, "வாயைத் திறக்க உனக்கு வேற நாளே கிடைக்கலையா?" என்று மட்டும் கேட்டார். பிறகு பம்பைத் துடைத்தார். துடைத்ததையே திரும்பத் துடைத்தார்.

பள்ளி விட்ட பிறகு சாக்பீஸ் துண்டுகள் இரண்டு வாளி வந்து சேர்ந்தன. உலக்கை இல்லாததால் பழைய சைக்கிள் பெடலால் பொடித்தேன். முதல் கட்டத்தில் அப்பத் தொடங்கியபோது பின்னாலிருந்து அப்பாவின் குரல்.

"இப்படித் தண்ணியா குழைச்சா வழிஞ்சு போயிடும். பெட்ரோல் டின்னைப் பிள்ளைங்க பக்கத்துல வச்சிருக்கியே, அறிவு இருக்கா? அந்தக் கயிறைக் கட்டு முதல்ல. எல்லாரும் அந்தப் பக்கம் போங்க!"

கோபம் தீர்ந்து வந்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. வேலையைத் தப்பாகச் செய்தால் அவரால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது. டப்பாவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

வியாழக்கிழமை காலையில் பிளாஸ்டிக் தாளை உரித்தபோது கயிற்றுக்கு அந்தப் பக்கம் பள்ளியில் பாதி நின்றது. சாக்பீஸ் பொடி கறுத்திருந்தது. சுரண்டினோம், திரும்ப அப்பினோம். சாயங்காலம் பார்த்தால் பழுப்பு. மறுபடி அப்பினோம். வெள்ளிக்கிழமை காலையில் வெளிர் மஞ்சள்.

"மாமா, எதுக்கு முதல்ல கறுப்பு, கடைசியில மஞ்சள்?" என்று கயிற்றுக்கு அப்பாலிருந்து எதுக்கு கேட்டாள்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "மேல இருந்தது போன வருஷத்துக் கிரீஸு. அடியில இருக்கிறது நான் கடை போட்ட புதுசு. அப்ப என்கிட்ட கிரீஸ் வாங்கக் காசில்லை, தேங்காய் எண்ணெய் போட்டேன்."

"அப்ப இது எந்த வருஷம்?" என்று அவள் ஒரு மஞ்சள் புள்ளியைக் காட்டினாள்.

"இந்த அக்கா பிறந்த வருஷம்," என்றார் அப்பா. எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் சோடா வெந்நீர் எடுக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் ஏழு பிள்ளைகளும் மூன்றாம் முறை வரைந்தார்கள். எதுக்கு இந்த முறை கட்டிலுக்கு அடியில் இரண்டு சாக்ஸ் போட்டாள். மற்றதும் கிடைத்துவிட்டதாம். சனிக்கிழமை காலையில் எல்லாருக்கும் முன்னால் போய்ப் பார்த்தேன். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்து பேசினார். பெட்டி எப்படி இருக்கும் என்று கையை விரித்துக் காட்டினார். கூட்டம் சுவர் நெடுக நகர்ந்து நகர்ந்து பார்த்தது. நாங்கள் எதிர்ப்பக்கம் நின்றிருந்தோம். அப்பா அன்றைக்குக் கடையைப் பிரிக்கவே இல்லை. வண்டியில் கட்டியது கட்டியபடி இருந்தது. இங்கே இறக்குவதா, வேறு தெரு தேடுவதா என்று அவருக்கே தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் தலைமை ஆசிரியை கையில் அளவு நாடாவோடு ரோட்டைத் தாண்டி வந்தார். பின்னால் மாஸ்டரும், கூப்பிடாமலே எதுக்கும்.

"ஒரு வாரமா பசங்க காத்துக்காக ரோட்டைத் தாண்டுறதை ஜன்னல் வழியாப் பாக்குறேன்," என்றார். "நேத்து ஒரு வேன் ஒரு பையனுக்கு இவ்வளவு பக்கத்துல வந்து நின்னுச்சு. நீங்க அந்தப் பக்கமே வந்துடுங்க. ஆனா சுவர்லேர்ந்து நாலடி தள்ளி."

"நாலடியா? நான் ரோட்லதான் உக்காரணும் டீச்சரம்மா."

"மூணு."

"ரெண்டடி குடுங்க. ஒரு ஆள் தாராளமா நடக்கலாம்."

"ரெண்டு பேர் நடக்கணும். அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து வருவாங்க. மூணு. சுவர்ல ஆணி கூடாது. சாயக்கூடாது."

"சாயாம எப்படிங்க? முதுகு என்ன ஆகும்?"

"அது உங்க முதுகு. இது பிள்ளைங்க சுவர்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் தலைமை ஆசிரியையைப் பார்த்தேன். குரல் வந்துவிட்டது, அதை நிறுத்துவது கஷ்டமாக இருந்தது. "எழுதிக் குடுப்பீங்களா டீச்சர்?"

அவர் சிரித்தார் என்று சொல்ல முடியாது. "நீயே எழுதி எடுத்துட்டு வா. கையெழுத்தும் பள்ளி முத்திரையும் போட்டுத் தரேன்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். "பதினெட்டு வருஷமா"ன்னு போடு என்றார். மூன்றடி என்பதை இரண்டே முக்கால் என்று போடச் சொன்னார், நான் போடவில்லை. காற்று இலவசம் என்பதை நானே சேர்த்தேன். கடைசி வரியாக, இந்த இடத்தில் இவர் தொழில் செய்ய ஆட்சேபம் இல்லை என்று எழுதி, சத்தமாக ஒரு தடவை படித்தேன். அம்மா சமையலறையிலிருந்து, "இன்னொரு தடவை படி," என்றாள்.

திங்கட்கிழமை கையெழுத்து ஆனது. காகிதத்தை அப்பா மரப்பெட்டியின் மூடிக்குள் ஒட்டினார். மூன்றடி தள்ளி முக்காலியைப் போட்டார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினேன். முதல் டியூபை மடியில் வைத்துக்கொண்டு, வழக்கம்போலப் பின்னால் சாய்ந்தார்.

அங்கே ஒன்றும் இல்லை. முக்காலியோடு மல்லாந்தார். டியூப் பாம்புபோல அவர் மேலேயே விழுந்தது. எனக்கு அடிபட்டதோ என்ற பயமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. சுவருக்கும் அவருக்கும் நடுவில் இருந்த வழியில் எதுக்கு நின்றுகொண்டு அவரைக் குனிந்து பார்த்தாள். புத்தகப் பை அவள் தலைக்கு மேல் ஏறியிருந்தது.

"மாமா, எதுக்கு விழுந்தீங்க?"

"சுவர் இருக்குன்னு நினைச்சேன் பாப்பா."

"சுவர் இங்கதான் இருக்கு."

அப்பா எழுந்து உட்கார்ந்தார். படுத்தவாக்கில் கண்ணில் பட்டதை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருஷமாக அந்தச் சுவரை அவர் பார்த்ததே இல்லை. அது எப்போதும் அவருக்குப் பின்னால் இருந்தது; எதிர்ப்பக்கம் இருந்த நாளெல்லாம் அவர் பார்த்தது கறையை மட்டும்தான். முக்காலியை நிமிர்த்தி, ரோட்டுக்கு முதுகைக் காட்டிப் போட்டுக்கொண்டார்.

"இது என்ன, உருண்டையா? எலியா?"

"தூசி மாமா. என் கட்டிலுக்கு அடியில இருக்கு."

"இவ்வளவு பெரிசா? உங்கம்மா பெருக்க மாட்டாங்களா?"

"பஸ் ஓட்டிட்டு வந்து தூங்கிடுவாங்க."

ரோட்டில் யாரோ மணி அடித்தார்கள். முன்சக்கரம் தட்டையாகிப் போன ஒரு சைக்கிளோடு ஒரு தபால்காரர் நின்றிருந்தார். அப்பா திரும்பவில்லை. நான் எழுந்து போய், "காத்து எங்க வச்சு இறங்கிச்சு சார்?" என்று கேட்டுச் சைக்கிளை வாங்கினேன். டியூபைத் தண்ணீருக்குள் அழுத்திக்கொண்டிருந்தபோது பின்னால் அப்பாவின் குரல் கேட்டது.

"சரி, அதுக்குப் பக்கத்துல இருக்கிறது என்ன?"